நான் மாற்றிவிட்டேன், அவருக்கு ஏன் பழையதே தெரிகிறது?

ஒரு கூட்டத்தின் தேதி 14-லிருந்து 21-க்குத் தள்ளிப்போனது. நான் கவனித்துக்கொள்ளும் சிறிய இணையதளத்தில் அதற்கான அறிவிப்பு இருந்தது. மேலே இரண்டு வரி எழுத்து, கீழே ஒரு சுவரொட்டிப் படம். எழுத்தைத் திருத்தினேன். படத்தையும் புதிதாகச் செய்து, பழைய படத்தின் பெயரிலேயே ஏற்றினேன். என் கணினியில் திறந்து பார்த்தால் இரண்டு இடத்திலும் 21. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் தொலைபேசி. “எழுத்தில் 21 என்று இருக்கிறது, படத்தில் 14 என்று இருக்கிறது. எதை நம்புவது?” என்றார் அழைத்தவர். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கச் சொன்னேன். ஏற்கெனவே பத்து முறை புதுப்பித்துவிட்டாராம். அதே 14. எனக்கோ 21.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்.” சொல்பவருக்கும் அது என்னவென்று பெரும்பாலும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. அழித்தால் அந்த ஒருவருக்குச் சரியாகும். மற்றவர்களுக்கு? தளத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்ல முடியுமா? இந்தப் பதிலால் இன்னொரு கெடுதலும் நேர்ந்திருக்கிறது. கேஷ் என்றாலே ஏதோ அடைப்பு, அவ்வப்போது துடைத்து எறிய வேண்டிய அழுக்கு என்று பலர் நம்பிவிட்டார்கள். உண்மையில் அது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஓர் ஏற்பாடு. அந்தச் சொல்லைக் கொடுத்தது யார், எப்போது கொடுத்தது என்று பார்த்தால் மர்மம் விலகிவிடும்.

குறிப்பேட்டில் எழுதிய நேரம்

நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரியவில்லை. நேரில் போய்ப் பலகையைப் பார்த்து, உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். அடுத்த முறை நேரம் வேண்டும் என்றால் மறுபடியும் நூலகம் வரை நடப்பதில்லை, குறிப்பேட்டைப் புரட்டுகிறீர்கள். ஒருநாள் நூலகம் நேரத்தை மாற்றுகிறது. பலகையில் புதிய நேரம் ஏறிவிட்டது, உங்கள் குறிப்பேட்டில் பழைய நேரமே இருக்கிறது. பலகையில் பிழை இல்லை. நீங்கள் அன்று எழுதியதிலும் பிழை இல்லை.

இணையத்தில் அந்தப் பலகைதான் சர்வர், அதாவது ஒரு தளத்தின் கோப்புகளை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு அனுப்பிவைக்கும் கணினி. போய்ப் பார்த்து வருபவர் பிரவுசர், உங்கள் கைபேசியிலோ கணினியிலோ பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி. குறிப்பேடுதான் கேஷ்: ஒருமுறை வாங்கிய கோப்பின் நகலை, மறுபடி தேவைப்படும் என்று பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம். பணத்தைக் குறிக்கும் சொல்லும் காதில் இப்படியேதான் விழும். ஆனால் இது பிரெஞ்சு மொழியில் ‘ஒளித்துவை’ என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து வந்தது.

இவ்வளவு சிரமப்பட்டு நகல் வைப்பானேன், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டால் போகிறது என்று தோன்றலாம். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், கேள்வி போய்ப் பதில் திரும்ப 20,000 கிலோமீட்டர், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. இது இயற்பியல் விதிக்கிற வரி, எந்த நிறுவனமும் இதற்குத் தள்ளுபடி தர முடியாது. நடைமுறையில் வளைவுகளும் இடைநிறுத்தங்களும் சேர்ந்து இன்னும் கூடும். ஒரு பக்கம் திறக்கப் பல சுற்றுப் பேச்சு வார்த்தை தேவைப்படும்போது இந்தச் சிறுதுளிகள் சேர்ந்து, திரை வெறுமையாக நிற்கும் அந்த எரிச்சலூட்டும் நேரமாகிவிடுகின்றன. நகல் கையில் இருந்தால் பயணமே இல்லை.

நமக்கு ஒரே பக்கமாகத் தெரிவது உண்மையில் ஒரு மூட்டை. எழுத்தும் அமைப்பும் உள்ள மூலப் பக்கம் ஒரு கோப்பு. எழுத்துரு, நிறம், இடைவெளி ஆகியவற்றைச் சொல்லும் அலங்காரக் கோப்பு வேறு. ஒவ்வொரு படமும் தனித்தனிக் கோப்பு. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் நிரல்கள் தனி. இவை ஒவ்வொன்றுக்கும் நகல் தனி, ஆயுளும் தனி. அதனால்தான் ஒரே திரையில் எழுத்து 21 என்றும் படம் 14 என்றும் பேச முடிந்தது. வடிவமைப்பை மாற்றிய அன்று சிலருக்குப் பக்கம் அலங்கோலமாகத் தெரிவதும் இதனால்தான்: புதிய பக்கம், பழைய அலங்காரக் கோப்பு.

இதுவரை பார்த்தது: பிரவுசர் தான் வாங்கியவற்றின் நகலை வைத்துக்கொள்கிறது. அது கோப்பு கோப்பாக நடக்கிறது, பக்கம் பக்கமாக அல்ல. மூலத்தை மாற்றினால் நகல் தானாக மாறாது.

மாத்திரை அட்டையில் இருக்கும் தேதி

சரி, நகலை எத்தனை காலம் நம்பலாம்? இதைப் பிரவுசர் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருக்கும். தயாரித்தவர் அதை ஆலையை விட்டு வெளியே அனுப்புவதற்கு முன்பே அச்சிட்டுவிட்டார். அட்டை உங்கள் மேசை இழுப்பறைக்குள் போன பிறகு, அந்தத் தேதியைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் என்ன செய்வார்? உங்கள் வீட்டுக்குள் வந்து இழுப்பறையைத் திறக்க முடியாது.

சர்வரும் ஒவ்வொரு கோப்பை அனுப்பும்போதும் அதனுடன் சில குறிப்பு வரிகளைச் சேர்த்து அனுப்புகிறது. பார்சலின் மேல் ஒட்டும் சீட்டு மாதிரி. பார்வையாளர் கண்ணில் இவை படுவதில்லை, பிரவுசர் மட்டும் படித்துக்கொள்கிறது. இவற்றுக்கு ஹெட்டர் என்று பெயர். ஆயுளைச் சொல்லும் முக்கியமான ஹெட்டர் இப்படி இருக்கும்:

கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=86400

கடைசியில் இருப்பது நொடிக் கணக்கு. 86,400 நொடி என்றால் ஒரு நாள். “இதை ஒரு நாள் வரை என்னிடம் கேட்காமலே பயன்படுத்திக்கொள்” என்று சர்வர் சொல்லிவிட்டது. அந்த ஒரு நாளுக்குள் நீங்கள் கோப்பை மாற்றினாலும் பிரவுசருக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அது கேட்கவே போவதில்லை. கேட்க வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தான்.

ஆரம்பத்தில் நொடிக் கணக்கு இல்லை. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைத் தொகுப்பான எச்டிடிபியின் 1.0 பதிப்பு 1996-இல் ஆவணமாக வெளிவந்தபோது, ‘எக்ஸ்பயர்ஸ்’ என்ற ஹெட்டரில் இன்ன தேதி, இன்ன மணி என்று எழுத வேண்டியிருந்தது. வாங்குபவரின் கணினிக் கடிகாரம் தப்பாக ஓடினால் கணக்கு முழுவதும் குழம்பிவிடும். 1997-இல் வந்த 1.1 பதிப்புதான் கேஷ்-கன்ட்ரோலைக் கொண்டுவந்தது. “வாங்கியதிலிருந்து இத்தனை நொடி” என்று சொல்லிவிட்டால் இருவரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. இன்று நடப்பில் இருக்கும் விதிகள் 2022 ஜூனில், ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதி ஆவண வரிசையில் 9111 என்ற எண்ணுடன் வெளியானவை. கேஷுக்கென்றே தனி ஆவணம் அது.

காலாவதி ஆனால் தூக்கி எறிவதில்லை

மாத்திரை உவமை இங்கே நம்மைக் கைவிடுகிறது. தேதி தாண்டிய மாத்திரையை எறிந்துவிடுவோம். பிரவுசர் அப்படிச் செய்வதில்லை. ஆயுள் முடிந்த நகல் என்றால் அது மாறிப்போன நகல் என்று பொருளில்லை. இனிமேல் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

எனவே பிரவுசர் சர்வரிடம் போகிறது, ஆனால் வெறுங்கையோடு போவதில்லை. சர்வர் முதல் தடவை அனுப்பியபோதே கோப்புடன் ஓர் அடையாளக் குறியைக் கொடுத்திருக்கும். கோப்பு மாறினால் குறியும் மாறிவிடும். இதை ஈடேக் என்கிறார்கள். உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

“சுவரொட்டிப் படம் வேண்டும். என்னிடம் 48213 என்ற குறியுள்ள நகல் இருக்கிறது.”

“இப்போதும் 48213-தான். உன்னிடம் இருப்பதையே காட்டு.”

இந்த இரண்டாவது பதிலுக்கு 304 என்று எண். படம் இரண்டு மெகாபைட் இருக்கலாம், ஆனால் 304 பதிலில் படம் இருக்காது. சில குறிப்பு வரிகள் மட்டும் வரும். பயண நேரம் செலவாகிறது, சுமை செலவாகவில்லை. குறி மாறியிருந்தால் சர்வர் 200 என்ற எண்ணுடன் புதிய படத்தையே அனுப்பிவிடும். ஈடேக் இல்லாத இடத்தில், “கடைசியாக மாறிய நேரம்” என்று பொருள்படும் லாஸ்ட்-மாடிஃபைட் ஹெட்டரை வைத்து இதே பேச்சு நடக்கும்: “இன்ன நேரத்துக்குப் பிறகு மாறியிருக்கிறதா?” இப்படிக் கேட்டு உறுதிசெய்துகொள்வதை இந்தக் கட்டுரையில் ‘மறுவிசாரணை’ என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, நகலுக்கு இரண்டு நிலை. ஆயுள் இருக்கும்வரை கேள்வியே இல்லை. ஆயுள் முடிந்தால் ஒரு கேள்வி, அதற்குப் பெரும்பாலும் மிகச் சிறிய பதில்.

ஒன்றுமே சொல்லாமல் விட்டால்?

இப்போது என் தொலைபேசிச் சிக்கலுக்குத் திரும்புகிறேன். நான் எந்தக் கோப்புக்கும் மேக்ஸ்-ஏஜ் வைக்கவில்லை. ஒரு நாள் வைத்துக்கொள் என்றோ ஒரு மாதம் வைத்துக்கொள் என்றோ யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் நகலே எடுக்க மாட்டார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறான நம்பிக்கை இதுதான் என்பேன்.

சர்வர் ஆயுளைச் சொல்லாவிட்டால், பிரவுசர் தானாக ஒன்றை ஊகிக்க விதிகள் இடம் தருகின்றன. ஊகம் எப்படி? கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று லாஸ்ட்-மாடிஃபைட் சொல்கிறது. அதிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று எண்ணி, அதில் பத்தில் ஒரு பங்கை ஆயுளாக எடுத்துக்கொள்வது வழக்கம். விதி ஆவணமே உதாரணத்துக்குச் சொல்லும் அளவு 10 சதவீதம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. நேற்று மாறிய கோப்பு இன்றும் மாறலாம், எனவே கொஞ்ச நேரம்தான் நம்பலாம். இரண்டு மாதம் அசையாமல் கிடந்த கோப்பு இன்னும் சில நாள் அசையாது, எனவே அதிக நேரம் நம்பலாம். யோசித்துப் பார்த்தால் மனிதர்களும் இப்படித்தான் ஊகிப்போம்.

அந்தச் சுவரொட்டிப் படத்தை நான் ஏற்றி 60 நாளாகியிருந்தது. அழைத்தவர் முந்தைய நாள் ஒருமுறை பக்கத்தைப் பார்த்திருந்தார். 60-இல் பத்தில் ஒன்று 6 நாள். அவருடைய பிரவுசர் அந்த நகலுக்கு ஆறு நாள் ஆயுள் கொடுத்து வைத்துக்கொண்டது. மறுநாள் நான் படத்தை மாற்றியபோது அதில் இன்னும் ஐந்து நாள் மிச்சம்.

எழுத்து மட்டும் எப்படி உடனே மாறியது? அந்தப் பக்கம் கோப்பாகக் கிடப்பதில்லை. யாராவது கேட்கும் கணத்தில் ஒரு நிரல் அதைத் தொகுத்து அனுப்புகிறது. வேர்ட்பிரஸ் போன்ற, தளம் நடத்த உதவும் மென்பொருள்களில் இயங்கும் தளங்கள் பெரும்பாலும் இப்படித்தான். அதனுடன் ‘கடைசியாக மாறிய நேரம்’ போகவில்லை. ஊகிக்க ஆதாரம் இல்லாததால் பிரவுசர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டது. படம் அப்படியல்ல, அது வட்டில் கிடக்கும் கோப்பு. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற பரவலான சர்வர் மென்பொருள்கள் அத்தகைய கோப்புகளுக்கு லாஸ்ட்-மாடிஃபைட் ஹெட்டரை யாரும் கேட்காமலே சேர்த்து அனுப்பும்.

இன்னொரு புதிர் பாக்கி. அவர் பத்து முறை புதுப்பித்தாரே? முன்பெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் மறுவிசாரணை நடக்கும். கைபேசியில் அது வீண் சுமை என்று கருதி, குரோம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டதாக 2017 ஜனவரியில் அறிவித்தது. அதன்படி, புதுப்பித்தால் மூலப் பக்கத்துக்கு மட்டும் மறுவிசாரணை. படங்களும் மற்றவையும் வழக்கமான கேஷ் விதிப்படியே. படத்தின் நகலுக்கு ஆயுள் இருக்கிறது, ஆகவே கேள்வி இல்லை. பத்து முறை என்ன, நூறு முறை அழுத்தியிருந்தாலும் 14-தான்.

எனக்கு மட்டும் 21 தெரிந்த காரணம் வெட்கக்கேடானது. வேலை வசதிக்காக என் பிரவுசரில் கேஷையே முடக்கி வைத்திருந்தேன். பார்வையாளர் பார்ப்பதை நான் பல மாதமாகப் பார்க்கவே இல்லை.

சுருக்கமாக: ஹெட்டர் வைக்காதது நடுநிலை ஆகாது. நீங்கள் சொல்லாத இடத்தில் பிரவுசர் ஊகிக்கும். நெடுநாள் மாறாமல் இருந்து திடீரென்று மாறும் கோப்பில்தான் அந்த ஊகம் மோசமாகப் பொய்க்கும். அறிவிப்புகளின் குணமே அதுதானே.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்

கேஷ்-கன்ட்ரோலில் எழுதக்கூடிய இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘நோ-கேஷ்’ என்றால் நகல் எடுக்காதே என்று பொருள் என்று தோன்றும். இல்லை. நகல் எடுத்து வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் மறுவிசாரணை செய்யாமல் காட்டாதே என்று பொருள். பெயர் வைத்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ‘நோ-ஸ்டோர்’ என்பதுதான் நகலே வைக்காதே என்பது. வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை போன்ற பக்கங்களுக்கு உரியது. பொதுவான அறிவிப்புப் பக்கத்துக்கு அதைப் போடுவது, தெருப் பலகையைப் பெட்டகத்தில் பூட்டுவது மாதிரி. மாறாத கோப்பைக்கூட ஒவ்வொரு முறையும் முழுதாக அனுப்ப நேரும்.

மூலப் பக்கத்துக்கு நோ-கேஷ் போதும். மாறாவிட்டால் 304, மாறினால் புதியது. பார்வையாளர் ஒருபோதும் பழைய பக்கத்தில் மாட்டிக்கொள்ள மாட்டார். சர்வர் உங்கள் கையில் இருந்தால் அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். இல்லையென்றால் இடம் தரும் நிறுவனத்திடம் “மூலப் பக்கங்களுக்கு நோ-கேஷ் போகிறதா?” என்று இதே சொற்களில் கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

பழைய குறிப்புகளில் இன்னொரு வைத்தியம் காணக் கிடைக்கும். ஹெட்டரை அனுப்புவதற்குப் பதில், பக்கத்தின் உள்ளேயே ‘மெட்டா’ என்ற வரியாக நோ-கேஷ் எழுதிவிடுவது. எழுதினால் எழுதிய திருப்தி கிடைக்கும். வழியில் இருக்கும் கேஷ்கள் பக்கத்தைப் பிரித்து உள்ளே படிப்பதில்லை, மேலே ஒட்டிய சீட்டை மட்டுமே பார்க்கின்றன. படத்துக்கோ அலங்காரக் கோப்புக்கோ அந்த வரி போய்ச் சேர வழியே இல்லை.

வழியில் இருக்கும் நகல்கள்

வழியில் இருக்கும் கேஷ்கள் என்றேன். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் வேறு நகல்களும் இருக்கலாம். தூரத்தைக் குறைக்க, உலகின் பல ஊர்களில் கணினிகளை வைத்து, தளத்தின் நகல்களை அங்கே நிறுத்திப் பார்வையாளருக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து அனுப்பும் சேவைகள் உண்டு. இவற்றுக்கு சிடிஎன் என்று பெயர். 1998-இல் தொடங்கிய அகமாய் இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. நீங்கள் பயன்படுத்தும் தளத்தில் இது இருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். வேர்ட்பிரஸ் தளமானால், தொகுத்த பக்கத்தைச் சர்வரிலேயே சேமித்துவைக்கும் கேஷ் செருகுநிரல் (தளத்தின் மென்பொருளோடு இணைத்துக்கொள்ளும் சிறு நிரல்) ஒன்று கூடுதலாக இருக்கக்கூடும்.

இவற்றுக்கும் பிரவுசர் கேஷுக்கும் ஒரு வேறுபாடு உண்டு, பலரும் கவனிக்கத் தவறுவது. சிடிஎன் உங்கள் கணக்கில் இயங்குகிறது. உள்ளே போய் ‘பர்ஜ்’ என்ற பொத்தானை அழுத்தினால் அங்கிருக்கும் நகல்கள் நீங்கும். செருகுநிரலும் அப்படித்தான். ஆனால் அந்தப் பொத்தானுக்கு வீட்டு வாசல் வரைதான் அதிகாரம். பார்வையாளரின் கைபேசியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட நகலை அது தொடாது. “சிடிஎன் கேஷை அழித்துவிட்டேன், இன்னும் பழையது தெரிகிறதே” என்று புலம்புபவர்கள் இந்த வாசலில்தான் நிற்கிறார்கள்.

இதைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். கைக்கு எட்டும் நகலுக்கு நீண்ட ஆயுளும், கைக்கு எட்டாத நகலுக்குக் குறுகிய ஆயுளும் கொடுப்பது கெட்டிக்காரத்தனம். ‘எஸ்-மேக்ஸ்ஏஜ்’ என்று எழுதினால் அந்த எண் சிடிஎன் போன்ற பொதுக் கேஷ்களுக்கு மட்டும், மேக்ஸ்-ஏஜ் பிரவுசருக்கு. பர்ஜ் செய்யும்போது வரிசையும் முக்கியம்: சர்வருக்கு நெருங்கியதை முதலில், தூரத்தில் இருப்பதைப் பிறகு. தலைகீழாகச் செய்தால், காலியான சிடிஎன் உடனே செருகுநிரலிடம் போய் அதே பழைய பக்கத்தை மறுபடி வாங்கி வைத்துக்கொள்ளும்.

தளத்துக்குள் ‘சர்வீஸ் வொர்க்கர்’ எனப்படும் சிறு நிரல் வைத்து, இணையம் இல்லாதபோதும் பக்கம் திறக்கும்படி செய்திருந்தால், அது தனக்கென்று ஒரு நகல் களஞ்சியம் வைத்திருக்கும். அதன் உள்விவரம் இங்கே வேண்டாம். உங்கள் தளத்தில் அது இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

மாற்றுவதற்குப் பதில் புதிதாகப் பெயர் வைப்பது

பிரவுசர் ஒரு கோப்பை எதை வைத்து அடையாளம் காண்கிறது? அதன் முகவரியை வைத்து. அதே முகவரி என்றால் அதே கோப்பு, நகல் இருக்கிறது, முடிந்தது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அது பார்த்திராத கோப்பு, வாங்கித்தான் ஆக வேண்டும்.

இதிலிருந்து பிறந்த வழக்கம்தான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணித முறையில் பிழிந்து ஒரு சிறு குறியாக்கி, அந்தக் குறியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுவார்கள். ‘அலங்காரம்-48213’ என்பது போல. இதைக் கோப்பின் கைரேகை என்று சொல்லலாம். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறும், கைரேகை மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் முகவரி மாறும். ஆகவே 48213 என்ற பெயரில் இருக்கும் கோப்பு என்றைக்குமே மாறாது. அதற்குத் தயங்காமல் ஓர் ஆண்டு ஆயுள் கொடுக்கலாம்: மேக்ஸ்-ஏஜ்=31536000. அதனுடன் ‘இம்மியூட்டபிள்’, அதாவது மாறாதது, என்று சேர்த்து எழுதவும் 2017 முதல் விதி இருக்கிறது.

இப்போது முழு ஏற்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். மூலப் பக்கம் நோ-கேஷ், எனவே ஒவ்வொரு முறையும் மறுவிசாரணை. அது சிறியது, செலவு குறைவு. அந்தப் பக்கம்தான் எந்தப் படம், எந்த அலங்காரக் கோப்பு என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. மாறாத கோப்புகள் கேஷிலிருந்து கண் இமைக்கும் நேரத்தில் வரும். மாறியவை புதுப் பெயரில் இருப்பதால் புதிதாக இறங்கும். வேகமும் கிடைத்தது, புதுமையும் கிடைத்தது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று நினைத்து, பாவம், எத்தனையோ பேர் எல்லாவற்றுக்கும் நோ-ஸ்டோர் போட்டுத் தளத்தை நொண்டியடிக்க வைத்திருக்கிறார்கள்.

பெரிய தளங்களில் பெயரிடும் வேலையைக் கருவிகள் தாமே செய்துவிடும். கையால் நடத்தும் சிறிய தளத்தில் ‘சுவரொட்டி’ என்பதைச் ‘சுவரொட்டி-2’ என்று மாற்றினாலே போதும். பெயரை மாற்றாமல் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஒரு பதிப்பு எண் சேர்ப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அதுவும் வேலை செய்யும். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பொருட்படுத்தாதபடி அமைக்கப்பட்ட சிடிஎன் குறுக்கே இருந்தால் மட்டும் ஏமாற்றும்.

தவறியும் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: மூலப் பக்கத்துக்கு ஓர் ஆண்டு ஆயுள் கொடுப்பது. அதன் முகவரியை மாற்ற முடியாது, உலகம் முழுக்க அதைத்தான் தெரிந்து வைத்திருக்கிறது. அனுப்பியாயிற்று என்றால் திரும்ப வாங்க வழியில்லை.

கண்ணால் பார்த்துவிடுங்கள்

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், கணினியில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். குரோமில் பக்கத்தைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்தி, ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ‘டிஸேபிள் கேஷ்’ என்ற சிறு கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள் (என்னை மாட்டிவிட்டது அதுதான்). பிறகு அதே பக்கத்துக்கு வேறு பக்கத்திலிருந்து ஓர் இணைப்பைச் சொடுக்கி வாருங்கள். பக்கத்தின் ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக விழும். அளவைக் காட்டும் பத்தியில் எண்ணுக்குப் பதில் ‘டிஸ்க் கேஷ்’ அல்லது ‘மெமரி கேஷ்’ என்று இருந்தால் சர்வரிடம் கேட்கவே இல்லை. நிலை என்ற பத்தியில் 304 இருந்தால் கேட்டது, மாறவில்லை என்று பதில் வந்தது. 200 என்று இருந்து அளவும் எண்ணாக இருந்தால் புதிதாக இறங்கியது. வரியைச் சொடுக்கினால் அந்தக் கோப்புடன் வந்த ஹெட்டர்கள் முழுவதும் தெரியும். அதில் கேஷ்-கன்ட்ரோலும் எக்ஸ்பயர்ஸும் இல்லாமல் லாஸ்ட்-மாடிஃபைட் மட்டும் இருந்தால், ஊகம் நடக்கிறது என்று அர்த்தம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசர் தன் நகல்களை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். சர்வரில் சரியானது இருக்கிறதா என்று அறிய அது நல்ல சோதனை. பார்வையாளர் என்ன பார்க்கிறார் என்று அறிய மோசமான சோதனை, ஏனென்றால் எந்தப் பார்வையாளரும் அப்படி அழுத்துவதில்லை.

எங்கள் சுவரொட்டிக்கு வருவோம். படத்துக்கு ‘சுவரொட்டி-21’ என்று புதுப் பெயர் வைத்து ஏற்றி, பக்கத்தில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டேன். அழைத்தவரைக் கூப்பிட்டு, எதையும் அழிக்க வேண்டாம், சும்மா திறந்து பாருங்கள் என்றேன். 21 தெரிந்தது. அன்று மாலையே மூலப் பக்கத்துக்கு நோ-கேஷும் படங்களுக்கு ஓர் ஆண்டு ஆயுளும் வைத்து, படத்தை மாற்றினால் பெயரையும் மாற்றுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து இன்னொருவர் அழைத்தார். அவருக்கு இன்னும் 14 தெரிகிறதாம். ஹெட்டர்களை மறுபடி சரிபார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தன. சிடிஎன்னைப் பார்த்தேன், அங்கும் 21. கடைசியில், திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் தளத்தையே அல்ல, போன மாதம் யாரோ வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, அவருடைய கைபேசியில் சேமிக்கப்பட்டிருந்த பழைய சுவரொட்டியை.